மாற்று வேட்பாளர்

டத்தோ தேவராஜாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரே மகளுக்குக் கல்யாணம். அதற்காக மனைவி யோகாவோடு மலேசியாவின் ஈப்போவிலிருந்து வந்து மெல்பர்னில், கிளேட்டனில் மகள் வீட்டில் தங்கியிருக்கும் மனுஷன், வியாழக்கிழமை காலையிலிருந்து பின்பக்கப் புல்தரையில் துணிக்கொடியைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்தார். கையில் கைப்பேசி. அடித்தால் எடுப்பார். அடிக்காவிட்டால், ஏன் அடிக்கவில்லை என்று எடுத்துப் பார்ப்பார். குளிரில் காதெல்லாம் சிவந்துவிட்டது, அதுகூட அவருக்கு உறைக்கவில்லை. "உள்ள வந்து சாப்பிடுங்க" என்று இரண்டு தடவை கூப்பிட்ட யோகா, அதற்குமேல் மெனக்கெடாமல் இட்லியை மூடி வைத்துவிட்டாள்.

ஈப்போவிலிருந்து கூப்பிட்டுக்கொண்டிருந்தவர் பாலா, அவருடைய பழைய உதவியாளர். மலேசியாவில் சட்டமன்ற உறுப்பினரை 'ஒய்பி' என்பார்கள். தேவராஜா தோற்று வீட்டுக்குப் போன பிறகும் பாலாவுக்கு அவர் ஒய்பிதான்.

"ஒய்பி, இதை விட்டா வேற சான்ஸ் கெடையாது. இடைத்தேர்தலுக்குத் தலைவரே உங்க பேரைச் சொல்லிட்டாரு. சனிக்கிழமை காலையில வேட்புமனு. நாளைக்கு ஏறி வாங்க, மனுவைக் குடுங்க, அன்னிக்கே திரும்பிருங்க. முகூர்த்தத்துக்கு முன்னாடி மெல்பர்ன்ல இருப்பீங்க லா!"

முகூர்த்தத்துக்கு முன்னாடி வந்துவிடலாம். அந்த ஒரு வார்த்தைதான் தேவராஜாவைக் கொடியைச் சுற்ற வைத்தது.

தலைவர் என்றால் எந்தக் கட்சித் தலைவர் என்று கேட்பீர்கள். ஐந்தாவது கட்சியின் தலைவர். தேவராஜா முதல் கட்சியில் இளைஞராகச் சேர்ந்து, பசை வாளியைத் தூக்கிக்கொண்டு சுவர் சுவராகச் சுவரொட்டி ஒட்டியவர். பதினைந்து வருஷம் உழைத்தார். சீட்டு கொடுக்கும் நேரத்தில் தலைவரின் மைத்துனனுக்குக் கொடுத்தார்கள். அதனால் அவருடைய முதல் தாவலுக்கு நியாயம் உண்டு, அதை யாரும் மறுக்க முடியாது. இரண்டாவது கட்சியில் ஜெயித்து ஆட்சிக்குழுவில், அதாவது மாநில மந்திரிசபையில், உட்கார்ந்தார், டத்தோ பட்டமும் வந்தது. நாக்கு ருசி கண்டுவிட்டால் சும்மா இருக்குமா? மூன்றாவதுக்குப் போனபோது ஐந்து பேரைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு மாநில ஆட்சியையே கவிழ்த்தார். நான்காவதுக்குப் போனபோது ஏன் போகிறோம் என்று அவருக்கே சரியாகத் தெரியவில்லை. ஒவ்வொரு தடவையும் புதுநிறச் சட்டையை மாட்டிக்கொண்டு, பத்திரிகைக்காரர்கள் முன்னால் உட்கார்ந்து, "தொகுதி மக்களுக்காகத்தான்" என்றார். சொல்லும்போது மனசார நம்பித்தான் சொன்னார், அதுதான் கொடுமை. கட்சி தாவுகிறவனுக்கு அந்த ஊரில் தவளை என்று பெயர். அவருடைய சேவை மையத்து வாசலில் யாரோ ரப்பர் தவளைகளை வரிசையாக வைத்துவிட்டுப் போனார்கள்.

அதையெல்லாம் மகள் தேஜஸ்வினி பொறுத்துக்கொண்டாள். அவளால் பொறுக்க முடியாமல் போனது தன்னுடைய இருபத்தோராம் பிறந்தநாளை. மலேசியத் தமிழர் வீட்டில் அது ஒரு சின்னக் கல்யாணம். மண்டபம் பிடித்து, சாவி வடிவத்தில் கேக் செய்து, ஊரையே அழைப்பார்கள். அன்று காலையில் தேவராஜா, "கேக் வெட்டுறதுக்குள்ள வந்துருவேன்மா" என்று மகளின் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார். மாலையில் முந்நூறு பேர் முன்னால் அவள் கத்தியோடு நின்றுகொண்டிருந்தபோது, மண்டபத்தில் ஒவ்வொரு கைப்பேசியாக வெளிச்சம் போட்டது. அப்பா நேரலையில் வந்துகொண்டிருந்தார், புதுச் சட்டையோடு. கேக்கை அவளே வெட்டினாள். அந்த வருஷமே படிக்கப் போகிறேன் என்று மெல்பர்ன் வந்தவள், இங்கேயே மருந்தாளராகி, இங்கேயே துஷாந்த் என்ற யாழ்ப்பாணத்துப் பையனையும் பிடித்துக்கொண்டாள். ஊர்ப் பக்கம் தலைவைக்கவில்லை.

விமான நிலையத்தில் வந்து இறங்கியதும் தேவராஜா அவள் தலையில் கைவைத்து, "இந்தத் தடவை எங்கயும் போகமாட்டேன், சத்தியம்" என்றார். அவள் சிரித்துக்கொண்டே பெட்டியைத் தள்ளிக்கொண்டு போனாள்.

மத்தியானம் தேவராஜா மெல்ல உள்ளே வந்து யோகாவின் கைப்பையைத் துழாவினார். கடவுச்சீட்டு கையில் வந்த நேரம் யோகா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். முப்பத்தைந்து வருஷமாக இவரோடு குப்பை கொட்டுகிறவள், ஆச்சரியப்படுவாளா என்ன?

"போறதுன்னா போங்க. ஆனா இந்தத் தடவை நான் சொல்லமாட்டேன். நீங்களே அவகிட்ட சொல்லிட்டுப் போங்க."

மனுஷனுக்குச் சுருக்கென்றது. கடவுச்சீட்டை மேசையில் போட்டுவிட்டுத் தெருவில் இறங்கினார். கிளேட்டன் கடைத்தெருவில், சீனக் காய்கறிக் கடைக்கும் நம்மவர் மளிகைக் கடைக்கும் நடுவே, புத்தகப்பை மாட்டிய மாணவர்கள் இடித்துக்கொண்டு போக, மேலும் கீழுமாக நடந்தார். அவருக்கு இங்கே யாரும் வணக்கம் சொல்லவில்லை. யாருக்கும் அவர் டத்தோ இல்லை, தவளையும் இல்லை. மேடையும் மாலையும் ஒலிபெருக்கியும் கண்முன்னால் வந்து வந்து போயின. ஆசையாய்த்தான் இருந்தது, பொய் சொல்வானேன். அதற்குப் பின்னாலேயே கத்தியோடு தனியாக நின்ற பெண்ணும் வந்தாள். சட்டென்று பாலாவைக் கூப்பிட்டார்.

"நான் வரலைப்பா. வேற ஆளைப் பாருங்க."

பாலா குரலைத் தாழ்த்தி, "புரியுது ஒய்பி. பக்கத்துல யாரோ இருக்காங்க. அப்புறமா எடுக்கறேன்" என்றார்.

"யாரும் இல்லைய்யா! நெசமாத்தான் சொல்றேன்."

"சரி, வேற என்ன வேணும்னு சொல்லுங்க. தலைவர்கிட்ட பேசறேன். ஆட்சிக்குழு கேக்கலாமா?"

"அட, ஒண்ணும் வேணாம்யா!" என்று நடுத்தெருவில் கத்தினார். எதிரே வந்த ஒரு பெண் விலகிப் போனாள். பாலா கடைசிவரை நம்பவில்லை. மூன்று தடவை சொல்லிவிட்டு இவர்தான் தொடர்பைத் துண்டிக்க வேண்டியிருந்தது.

ஆனாலும் ஏதோ பாரம் இறங்கினாற்போல இருந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக, வந்த வாய்ப்பை வேண்டாம் என்றிருக்கிறார்! உடனே மகளிடம் சொல்லவேண்டும். அவளோ கிரான்பர்னில், யோகாவின் தம்பி செந்தில்நாதன் வீட்டில், கல்யாண வேலையாக இருந்தாள். மாப்பிள்ளை துஷாந்த் காரோடு வந்தான். போகிற வழியெல்லாம் தேவராஜா அவனிடம் தன் தியாகத்தை அளந்துகொண்டே போனார்.

"ஓம் அங்கிள். நல்லம்" என்றான் துஷாந்த். இன்னும் கொஞ்சம் மெச்சுவான் என்று எதிர்பார்த்தார். அவன் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். கிரான்பர்ன் நெருங்கியதும், "அங்கிள், நான் உள்ள போய் நீங்க வந்திட்டீங்க எண்டு சொல்லட்டோ?" என்றான்.

"எதுக்கு? நானென்ன விருந்தாளியா?" என்று சொல்லிக்கொண்டே இவர் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தார்.

கூடத்தில் செந்தில்நாதனும் அவன் மனைவியும் மணையில் உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் ஒரு பித்தளைச் செம்பு. சுவரில் சாய்த்து வைத்த டேப்லெட்டில் ஐயர். "பொண்ணோட கையை மாப்பிள்ளை கையில வச்சுப் பிடிச்சுக்கோங்கோ. உங்க ஆத்துக்காரி மேலேருந்து தண்ணி விடணும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். தாரை வார்க்க ஒத்திகை. பெற்ற தகப்பன் செய்யவேண்டியது.

செந்தில்நாதன் வாத்தியாரைக் கண்ட பையன்போலத் துள்ளி எழுந்தான். தேஜஸ்வினி மட்டும் பதறவில்லை. பூச்சரங்களைக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு வந்தாள்.

"இது என்னம்மா?"

"நாமினேஷனுக்கு மாற்று வேட்பாளர் இல்லாம போகக்கூடாதுன்னு நீங்கதானப்பா சொல்லுவீங்க. மெயின் ஆள் வராம போனா சீட்டு போயிரும்னு."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"அம்மாதான் மாமாகிட்ட பேசினாங்க."

தேவராஜாவுக்கு முகத்தில் அறைந்தாற்போல இருந்தது. "நான் போகலைன்னு பாலாகிட்ட சொல்லிட்டேன். வேணும்னா அவனைக் கேளு!"

"சந்தோஷம்பா."

"அப்ப மாமாவை எந்திரிக்கச் சொல்லு."

அவள் குரல் உயரவில்லை. "மாற்று வேட்பாளர் எப்பப்பா வாபஸ் வாங்குவாரு?"

அவருக்குத் தெரியாதா? எத்தனை தேர்தல் பார்த்தவர். மெயின் ஆளின் மனுவை ஏற்றுக்கொண்ட பிறகுதான். அதற்கு முன்னால் வாபஸ் வாங்குகிறவன் முட்டாள் என்று தொண்டர்களுக்கு அவரே வகுப்பு எடுத்திருக்கிறார். "நான் உன்னப் பெத்தவன்டி!" என்று ஒரு கத்து கத்தினார். டேப்லெட்டில் ஐயர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். கத்திய வேகத்திலேயே அவருக்கு வெட்கமாகப் போய், வாசற்படியில் வந்து உட்கார்ந்துகொண்டார். மகள் வந்து பக்கத்தில் ஒரு கோப்பைத் தேநீரை வைத்துவிட்டுப் போனாள்.

சனிக்கிழமை மனுத்தாக்கல் நேரம் வந்தபோது, தேவராஜா மகள் வீட்டுச் சோபாவில் அமர்ந்து தாம்பூலப் பைகளுக்குள் தேங்காய் போட்டுக்கொண்டிருந்தார். பாலா படம் அனுப்பினார். யாரோ ஒரு சின்னப் பையன், கழுத்தில் மாலை, ஐந்தாவது கட்சிச் சட்டை. வயிறு எரிந்தது. படத்தைப் பெரிதாக்கி, கூட்டத்தில் எத்தனை தலை என்று எண்ணிப் பார்த்தார். பழகின புத்தி போகுமா? பிறகு கைப்பேசியை அணைத்துவிட்டு அடுத்த பையை எடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன்பே பட்டு வேட்டி கட்டிக்கொண்டு தயாராக நின்றவர் அவர்தான். மண்டபத்தில் அவரும் யோகாவும் மணையில் உட்கார்ந்தார்கள். அவருக்கு நேர் பின்னால் அதே மாதிரிப் பட்டு வேட்டியில் செந்தில்நாதனும், பக்கத்தில் அவன் மனைவியும். தேவராஜா திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமலே முதுகில் அது தெரிந்தது.

ஐயர் மந்திரம் சொன்னார். மகளின் வலது கையை எடுத்து துஷாந்தின் கையில் வைத்து, தன் கையால் தாங்கிப் பிடித்தார் தேவராஜா. யோகா செம்பைச் சரித்தாள். தண்ணீர் சில்லென்று விழுந்தது. அப்போது தேஜஸ்வினியின் இடது கை குறுக்கே வந்து அவருடைய மணிக்கட்டைப் பற்றியது. கூட்டத்தில் ஓடிவிடும் பிள்ளையைப் பிடிப்பதுபோல இறுக்கிப் பிடித்தாள், வளையல் அழுந்தி அவருக்கு வலித்தது.

"இடது கையை எடும்மா" என்றார் ஐயர். அவள் எடுக்கவில்லை.

தேவராஜாவுக்குக் கண் கரித்துக்கொண்டு வந்தது. பெண்ணைக் கொடுக்கிற தகப்பன் அழுகிறான் என்று முன்வரிசையில் இருந்தவர்களும் மூக்கை உறிஞ்சினார்கள். அவர் மகளின் காதருகே குனிந்தார்.

"அப்பா எங்கயும் போகலைம்மா. இங்கதான் இருக்கேன். கையை விடு."

அவள் நிமிர்ந்து அவரைப் பார்க்கவில்லை. அம்மாவின் கையிலிருந்த செம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் கொஞ்சம் தண்ணி இருக்குப்பா" என்றாள்.