அப்பாவின் சுடர்

மூன்று நாள் விடாமல் பனி பெய்தது. நான்காம் நாள் காற்று திசை மாறி, முகட்டுப் பனியையெல்லாம் வாரி எங்கள் வீட்டுக்கு மேலிருந்த சரிவில் குவிக்கத் தொடங்கியது. நண்பகலிலும் உள்ளே இருட்டாக இருந்தது.

இறந்தவர்கள் வீட்டுக்கு வரும் வாரம் அது. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் அண்ணன் சொசாருக்கும் மேசையில் அவித்த பீன்ஸும் ரொட்டியும் சாராயமும் வைத்து, ஆளுக்கொரு மெழுகுவர்த்தி ஏற்றியிருந்தேன். அவர்கள் உண்டு முடிக்கும்வரை வாசற்கதவு திறந்திருக்க வேண்டும். வீட்டுத் தலைவன் வாசலைத் தாண்டக் கூடாது. இந்த எழுபத்தொரு வயதுவரை பிமுர்சாவாகிய நான் அதில் ஒருமுறையும் தவறியதில்லை.

மேலே ஒரு சத்தம். பெரிய வெற்றுப் பீப்பாயை யாரோ ஒரே ஒருமுறை தட்டியதுபோல.

மருமகள் மக்வாலா நிறைமாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"கேட்டீங்களா மாமா? சரிவுல பனி உள்ளுக்குள்ள விரிசல் விட்டுப்போச்சு, எந்நேரமும் இறங்கிரும். யாசோன் வீட்டுக் கோபுரத்துக்குப் போயிரலாம், வாங்க."

"இந்த மேசை முன்னால அந்தப் பேரைச் சொல்லாதே."

யாசோனின் தகப்பன்தான் சொசாரைச் சுட்டவன். அந்தக் கோபுரத்தை மிதிக்க மாட்டேன் என்று அப்பா சத்தியம் செய்திருந்தார்; நம் குடும்பத்துக் கால் எதுவும் அங்கே படக் கூடாது என்று சாகும்போது என்னிடமும் வாக்கு வாங்கினார். எங்கள் வீட்டுக் காவல் கோபுரம் பாட்டன் காலத்திலேயே இடிந்துவிட்டது. சரிந்து வரும் பனியைப் பிளந்து நிற்கக்கூடிய கற்கோபுரம் இப்போது அது ஒன்றுதான். நாற்பது காலடித் தொலைவு.

"நீ போ," என்றேன்.

"உங்க மகனும் ஊர்ல இல்ல. நான் தனியா அந்த வீட்டுப் படி ஏறுனா ஊரு என்ன பேசும்? மானம் மானம்னு சொல்லிக் குடுத்தது நீங்கதானே? இப்ப அனுபவிங்க." பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்தாள். "மூணு பேருக்குத்தான் வச்சிருக்கீங்க. சாயங்காலத்துக்குள்ள ஆறு பேர் ஆயிருவோம். பீன்ஸ் பத்தாது."

நான் சுடர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

காற்று வாசல் வழியாக உள்ளே வீசிக்கொண்டிருந்தது. சுடர்கள் உள்பக்கமாகச் சாய வேண்டும். ஆனால் அம்மாவின் சுடர் காற்றை எதிர்த்து வாசலை நோக்கிப் படுத்தது. சற்று நேரத்தில் சொசாரின் சுடரும். அப்பாவுடையது மட்டும் அடித்த ஆணிபோல நேராக நின்றது.

விருந்தாளி கிளம்பினால், போகும் இடம்வரை வீட்டுத் தலைவன் கூடப் போக வேண்டும். அதுவும் எங்கள் முறைதான். அப்பாவின் சுடரைப் பார்த்துத் தலை வணங்கினேன். அது அசையவில்லை. கதவைத் திறந்தபடியே விட்டு, மக்வாலாவின் கையைப் பிடித்து வெளியே இறங்கினேன்.

பனி இடுப்பளவு இருந்தது. அதில் எங்கள் வாசலிலிருந்து கோபுரம்வரை ஒரு தடம் முன்பே மிதிபட்டிருந்தது.

யாசோன் கதவைத் திறந்தான். என்னைத் தாண்டி வெளியே எட்டிப் பார்த்தான்.

"உங்களுக்கு முன்னால ரெண்டு பேர் வந்தாங்களே அண்ணே, எங்க அவங்க?"

மக்வாலா என் கையை இறுக்கினாள். அவளை உள்ளே அனுப்பினேன். அவன் நாற்காலி போட்டான், நான் உட்காரவில்லை. நின்றுகொண்டிருந்தபோதே மலை வந்தது. சுவர்கள் அதிர்ந்தன, மேல்தளத்திலிருந்து மண் கொட்டியது. பிறகு மருமகள் மூச்சு விடுவது மட்டும் கேட்டது.

என் பேரன் அந்தக் கோபுரத்தில்தான் பிறந்தான். அதை நான் யாரிடமும் மறைக்கவில்லை.

ஒன்பதாம் நாள் தோண்டினோம். வீடு இருந்த இடத்தில் வீடு இல்லை. கீழே ஆற்றோரம் வாசற்கதவு மட்டும் நிலையோடு முழுசாகக் கிடைத்தது. யாசோன் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டான். தாழ்ப்பாள் உள்பக்கத்திலிருந்து போடப்பட்டிருந்தது.

"அண்ணே, உள்ள யாரு இருந்தா?"

"எங்க அப்பா," என்றேன். "அவர் வாக்குத் தவற மாட்டார்."