தகர டப்பாவில் எட்டுச் சாமான்

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் இனிமேல் யாருக்கும் யாரும் மேலே இல்லை என்று முடிவான அன்றைக்கு எல்லோரும் கை தட்டினார்கள். கொக்கி மட்டும் தட்டவில்லை.

"தட்டறதெல்லாம் இருக்கட்டும். நாளைக்குக் காலையில அழுக்கு ரூமுக்கு யார் போறது?" என்று கேட்டார்.

கைதட்டல் அப்படியே அமுங்கிப் போனது.

அவருக்குக் கொக்கி என்று பெயர் வந்ததே இதனால்தான். யார் எதைச் சொன்னாலும் அதில் ஒரு கேள்வியை மாட்டித் தொங்கவிடுவார். ஓய்வு பெற இன்னும் ஒன்றரை வருஷம் பாக்கி. படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. கையெழுத்துப் போடுவார், அதற்கு மேல் எழுத்து என்றால் அவருக்குச் சந்தேகம்தான்.

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. வார்டுகளிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் துணியைப் பிரித்து, உதறி, தரம் பார்த்துப் போடுகிற இடம் அழுக்கு ரூம். ரத்தம், வாந்தி, அதைவிட மோசமானதெல்லாம் அந்தத் துணியில் இருக்கும். யாரோ அவசரத்தில் மறந்த கத்தரிக்கோல் வரும். சில சமயம் ஊசியும் வரும். கையுறை தடியாகத்தான் கொடுத்திருக்கிறார்கள், ஆனால் ஊசிக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. மற்ற வேலைகள் ஏழு. துவைக்கிற மிஷின், பிழிகிற மிஷின், காயவைப்பது, இஸ்திரி, மடிப்பு, தையல், வண்டி. வண்டிதான் சொர்க்கம். வெளுத்த துணியை ஏற்றிக்கொண்டு லிஃப்டில் மாடி மாடியாகப் போகலாம், நாலு பேரிடம் பேசலாம்.

முன்பு யார் எங்கே என்று சொல்ல ஒரு மேற்பார்வையாளர் இருந்தார். அவருக்குச் சுழல் நாற்காலி. சாப்பாட்டு டப்பாவில் அவருக்கும் சேர்த்துக் கொண்டு வந்தவர்களுக்கு வண்டி, எதிர்த்துப் பேசியவர்களுக்கு அழுக்கு ரூம். 'நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்துங்க, பெருக்கணும்' என்று சொன்ன குற்றத்துக்காகக் கொக்கி தொடர்ந்து பத்தொன்பது நாள் அந்த ரூமில் கிடந்தார். கடைசியில் எட்டுப் பேரும் சேர்ந்து மனு கொடுத்தார்கள். ஆஸ்பத்திரி நிர்வாகத்தைப் பார்க்கிற அதிகாரி அம்மா விசாரித்தார். ஆளைத் தூக்கி மருந்துக் கிடங்கில் போட்டார்.

"மூணு மாசம் நீங்களே பாத்துக்கோங்க. ஏதாவது ஏடாகூடமா நடந்தா அவரையே திரும்ப அனுப்புவேன். என்கிட்ட வேற ஆள் இல்ல" என்றார்.

கொக்கியின் கேள்விக்குப் பதில் கண்டுபிடித்தவள் இஸ்திரி அக்கா. கூடத்திலேயே நன்றாக இஸ்திரி போடுகிறவள், வாயும் அதே சூடு. "சீட்டுக் குலுக்கிடலாம். முதல் சீட்டு அழுக்கு ரூம், கடைசிச் சீட்டு வண்டி" என்றாள்.

"சீட்டுல பேரை யார் எழுதறது? எழுதத் தெரிஞ்சவன் ஏமாத்துவான். எனக்கு அது ஆகாது" என்றார் கொக்கி.

"அப்ப நீங்களே ஒரு வழி சொல்லுங்கண்ணே."

ஆளுக்கொரு சாமான் என்று கொக்கி சொன்னார். பார்த்தால் யாருக்கும் தெரியும், படிக்க வேண்டியதில்லை. இஸ்திரி அக்கா ஒரு பெரிய கோட்டுப் பொத்தானைக் கொடுத்தாள். பாய்லர்காரரின் மனைவி தலைக் கிளிப்பைக் கழற்றிக் கொடுத்தாள். கொக்கி உடைந்த கரண்டிக் காம்பு. அவருடைய மகனும் அங்கேதான் வேலை, அவன் சைக்கிள் நட்டு ஒன்று. மற்ற நாலு பேரும் சாவி, சோடா மூடி, வளையல் துண்டு, சோழி என்று கொண்டு வந்தார்கள். எட்டும் ஒரு பிஸ்கட் டப்பாவுக்குள் போயிற்று. சுவரில் வேலைக்கு ஒன்று என்று எட்டு ஆணி. கண்ணை மூடி ஒவ்வொன்றாக எடுத்து வரிசையாக ஆணியில் கட்ட வேண்டியது.

எடுப்பது யார்? கொக்கிதான் என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். அவர் யாரையும் நம்பாதவர் என்பதால் எல்லோரும் அவரை நம்பினார்கள். தவிர, அவர் வருகிற பஸ் சீக்கிரம் வந்துவிடும், ஆறு மணிக்கே ஆஜர்.

முதல் வாரம் எட்டுப் பேரும் ஆறு மணிக்கே வந்து டப்பாவைச் சுற்றி நின்றார்கள். இரண்டாவது வாரம் மூன்று பேர். அப்புறம் யாரும் வரவில்லை. நம்பிக்கை என்று நாம் சொல்வதில் பாதி சோம்பல்தான். ஆறரைக்கு வந்து ஆணியைப் பார்த்தார்கள், வேலைக்குப் போனார்கள். ஒரு மாதம் எந்தச் சண்டையும் இல்லை. மிஷின் நின்றால் பக்கத்தில் இருந்தவர் ஓடி வந்தார். தலை இல்லாமலும் ஓர் இடம் நடக்கும் என்று கொக்கிக்கே தோன்ற ஆரம்பித்தது. அவருக்கு அப்படித் தோன்றுவது லேசில் நடக்காது.

மகனுக்கு இது ஐந்தாவது வேலை. நாலை விட்டவன். முதல் தடவை அழுக்கு ரூம் விழுந்தபோது வாளியில் வாந்தி எடுத்தான். இரண்டாவது தடவை விழுந்த அன்று வீட்டுக்கு வந்து சோற்றைத் தொடவே இல்லை.

"இன்னொரு தடவை அந்த ரூம்னா அப்படியே வாசல் வழியா நடந்துடுவேன்பா."

"எங்க நடப்பே?"

"எங்கேயோ."

"எங்கேயோன்னா மறுபடி இந்த வீட்டுக்குத்தான்" என்றாள் கொக்கியின் மனைவி. மருமகள் அவன் தொடாத தட்டை எடுத்துக்கொண்டு போனாள். அந்தத் தட்டுதான் கொக்கியைக் குடைந்தது.

நாலு நாள் கழித்து ஒரு காலையில் கண்ணை மூடிக்கொண்டு டப்பாவில் கைவிட்டார். முதலில் விரலில் பட்டது நட்டு. ஆறு பக்கம், நடுவில் ஓட்டை. கண்ணை மூடினால் என்ன, விரலுக்குத் தெரியாதா? எட்டுச் சாமானையும் தினமும் தொட்டுத் தொட்டு விரல் பழகியிருந்தது. எழுத்தை நம்பாமல் அவர் கேட்டு வாங்கிய சாமான்கள்தான் அவை.

நட்டை விட்டுவிட்டார். தேடிப் பிடித்துத் தன் கரண்டிக் காம்பை எடுத்து முதல் ஆணியில் கட்டினார். பிள்ளைக்குப் பதில் நான்தானே போகிறேன், இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்டுக்கொண்டார். ஊரார் பேச்சில் எல்லாம் கொக்கி போடுகிறவர், அந்தக் கேள்வியில் மட்டும் போடவில்லை.

அடுத்த தடவையும் தன்னையே போட்டார். மூன்றாவது தடவை அவருக்கு முழங்கால் வலி. அழுக்கு ரூமில் எட்டு மணி நேரம் நிற்க வேண்டும். நட்டை விட்டார், காம்பையும் விட்டார், கைக்கு வந்த இன்னொன்றை எடுத்தார். அன்றைக்குச் சோழி.

"என்ன கொக்கியாரே, டப்பாவுக்குள்ள மீன் பிடிக்கிறீங்களா?"

திரும்பிப் பார்த்தார். பாய்லர்காரர். சலவைக்கூடத்துக்கு நீராவி தருவது அவர் வேலை, குலுக்கலில் அவர் இல்லை. பாய்லர் ரூமிலிருந்து இந்தப் பக்கம் பார்க்க ஒரு கண்ணாடிச் சதுரம் உண்டு.

"சும்மா கலக்கிவிட்டேன்" என்றார் கொக்கி.

"கலக்குங்க, கலக்குங்க. நானும் பிள்ளை பெத்தவன், தப்பா நினைக்க மாட்டேன்." பீடியைக் காதிலிருந்து எடுத்தார். "என் வீட்டுக்காரிக்கும் இடுப்பு சரியில்ல. அந்தக் கிளிப்பும் உங்க விரலுக்குத் தெரியும்தானே?"

கொக்கி சோழியை ஆணியில் கட்டினார். அதற்குப் பிறகு கிளிப்பும் முதல் ஆணிக்கு வரவே இல்லை. எட்டுப் பேருக்கு வர வேண்டிய அழுக்கு ரூமை, நட்டும் காம்பும் கிளிப்பும் போக, ஐந்து பேர் பங்கு போட்டுக்கொண்டார்கள். யாருக்கும் தெரியவில்லை. அதிர்ஷ்டம் என்றால் அப்படி இப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டார்கள். இஸ்திரி அக்கா மட்டும் ஒரு நாள் கையுறையை மாட்டிக்கொண்டே, "என் பொத்தானுக்கு உங்க விரல் மேல அப்படி என்னண்ணே ஆசை? இந்த மாசம் இது ஆறாவது தடவை" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். கொக்கியும் சிரித்தார். அந்தச் சிரிப்பு தனக்கே பிடிக்கவில்லை என்பது அவருக்குத் தெரியும்.

மூன்று மாதம் முடியப் பதினோரு நாள் இருந்தது. அன்றும் முதலில் கைக்கு வந்தது நட்டுதான். விட்டார். அடுத்து வந்தது பொத்தான். கட்டினார்.

பத்து மணிக்கு அழுக்கு ரூமிலிருந்து ஒரு சத்தம். பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. "ஆ" என்று ஒன்று, அவ்வளவுதான். இஸ்திரி அக்கா கையுறையைக் கழற்றிக்கொண்டே வெளியே வந்தாள். சுண்டு விரலில் ஒரு பொட்டு ரத்தம். அறுவை அறைப் போர்வை மடிப்புக்குள் ஊசி. யாருக்குப் போட்ட ஊசியோ, அவருக்கு என்ன வியாதியோ, ஒன்றும் தெரியாது. சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவினார்கள். டாக்டரிடம் கூட்டிப் போனார்கள். ரத்தம் எடுத்தார்கள், மாத்திரை கொடுத்தார்கள். இன்றைக்குப் பார்ப்பது போதாது, ஆறு வாரம் கழித்தும் மூன்று மாதம் கழித்தும் மறுபடி பார்க்க வேண்டும், அதுவரை நிச்சயமாக ஒன்றும் சொல்ல முடியாது என்றார் டாக்டர். அக்காவுக்கு வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள்.

மத்தியானம் அதிகாரி அம்மா வரப்போவதாகத் தகவல் வந்தது. பாய்லர்காரர் கொக்கியைத் தனியாக இழுத்தார்.

"வாயைத் திறந்துடாதீங்க. பழி டப்பா மேல போகட்டும். டப்பாவுக்கு என்ன, பெண்டாட்டியா பிள்ளையா?"

மகன் மடிப்பு மேஜையில் நின்றுகொண்டிருந்தான். கொக்கி அவன் காதருகில் போய், "இன்னைக்கு முதல்ல வந்தது உன் நட்டு" என்றார்.

அவன் கையிலிருந்த போர்வை நழுவியது. "நான் உங்ககிட்டக் கேட்டேனா?" என்றான்.

"வாசல் வழியா நடந்துடுவேன்னு சொன்னியே."

"சொன்னேன். கேட்டேனா?"

அதிகாரி அம்மா வந்தார். கட்டுப் போட்ட விரலோடு இஸ்திரி அக்காவும் வந்து ஓரமாக நின்றாள். 'வீட்டுக்குப் போ' என்று டாக்டர் சொல்லியும் அவள் போகவில்லை.

"இவங்களை அந்த ரூமுக்கு யார் அனுப்பினது?"

ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கடைசியில் தையல் மிஷினிடம் நின்றவர், "டப்பாம்மா" என்றார்.

"டப்பா! நல்லா இருக்கு. நான் மேலிடத்துக்கு என்ன எழுதறது? பொறுப்பு பிஸ்கட் டப்பான்னா?" அவர் சுவரில் இருந்த ஆணிகளைப் பார்த்தார். "தலைன்னு ஒருத்தர் இல்லாட்டி இப்படித்தான். திங்கட்கிழமை அவர் திரும்ப வருவார்."

சுழல் நாற்காலி இன்னமும் மூலையில், பிளாஸ்டிக் உறை போட்டபடி இருந்தது. எட்டுப் பேரும் அதைப் பார்த்தார்கள். அந்தப் பத்தொன்பது நாள் நாற்றம் கொக்கியின் மூக்கில் மறுபடி ஏறியது. பேசாமல் இருந்தால் நாற்காலி வரும். பேசினால் தன் மானம் போகும், ஒருவேளை மகன் வேலையும் போகும்.

"அம்மா, தலை இல்லைன்னு யார் சொன்னது?" என்றார். "நான்தான் இருந்தேன்."

"என்ன சொல்றீங்க?"

சொன்னார். நட்டு, காம்பு, முழங்கால் வலி, பொத்தான், எல்லாம் வரிசையாக. "நாற்காலி ஒண்ணுதான் இல்ல. மத்தபடி அவர் செஞ்சதைத்தான் நானும் செஞ்சேன். அவர் சோத்துக்குச் செஞ்சார், நான் பிள்ளைக்குச் செஞ்சேன். இந்த நட்டு மட்டும் இல்ல, இடுப்பு வலின்னு கேட்டதால கிளிப்பையும் எடுக்காம விட்டேன்."

"என் கிளிப்பா?" பாய்லர்காரரின் மனைவி முன்னால் வந்தாள். "நான் எப்ப அண்ணே கேட்டேன்?" கொக்கி பாய்லர் ரூம் பக்கம் பார்த்தார். அவளும் பார்த்தாள். கண்ணாடிச் சதுரத்துக்குப் பின்னால் இருந்த முகம் சட்டென்று மறைந்தது. "இடுப்பு வலி யாருக்கு வரப்போகுதுன்னு வீட்டுக்குப் போய்ப் பேசிக்கறேன்" என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் இஸ்திரி அக்காவைத்தான் பார்த்தார்கள்.

அவள் கொக்கி பக்கம் பார்க்கவே இல்லை. அதிகாரி அம்மாவிடம் திரும்பினாள். "உங்களுக்கு ஒரு கையெழுத்து வேணும், அவ்வளவுதானே? நான் போடறேன். அந்த ஆள் வேண்டாம். குலுக்கல் இருக்கும். ஆனா எட்டும் ஒரே மாதிரிப் பொத்தான், ஆளுக்கொரு கலர் நூல். ஆறரைக்கு, எல்லார் கண்ணு முன்னாடி. யாராவது ஒருத்தர் வரலைன்னா அன்னைக்குக் குலுக்கலே கிடையாது, வர்ற வரைக்கும் மிஷின் ஓடாது."

அதிகாரி அம்மா அவள் விரல் கட்டைப் பார்த்தார். "ஒரு மாசம்" என்றார். கொக்கிக்கு ஒரு மெமோ எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

"எனக்கு அழுக்கு ரூமே போடும்மா. ஓய்வு வரைக்கும்" என்றார் கொக்கி.

"அந்த ரூமை நான் தண்டனையாக் குடுத்தா, எனக்கும் அந்த நாற்காலிக்கும் என்ன வித்தியாசம்? உங்க முறை வரும்போது போங்க."

அண்ணே என்ற வார்த்தை அதில் இல்லை. அதற்குப் பிறகு என்றைக்குமே இல்லை.

திங்கட்கிழமை ஆறரைக்கு எட்டுப் பேரும் நின்றார்கள். இஸ்திரி அக்கா டப்பாவைத் தூக்கிக் குலுக்கினாள். கொக்கி ஒட்டிப்போய் நின்று அவள் கையையே முறைத்துப் பார்த்தார்.

"என்ன, என் மேல நம்பிக்கை இல்லையா?"

"இல்ல."

"நாளைக்கும் இதே இடத்துல நில்லுங்க" என்றாள். கட்டுப் போட்ட விரலை மடக்கிக்கொண்டு மற்ற விரல்களால் எடுத்தாள். முதல் பொத்தான் பச்சை நூல். மகனுடையது.

மகன் அப்பாவைப் பார்த்தான். கொக்கி ஆணியைப் பார்த்தார். வாசல் திறந்துதான் இருந்தது. மகன் அலமாரியைத் திறந்து கையுறையை எடுத்து மாட்டிக்கொண்டு உள்ளே போனான்.

பத்து நிமிஷத்தில் உள்ளேயிருந்து ஓங்கரிக்கும் சத்தம் கேட்டது. கொக்கி ஓர் அடி எடுத்து வைத்தார். இஸ்திரி அக்கா நிமிர்ந்து பார்த்தாள். கொக்கி நின்றார். அப்புறம் தனக்கு விழுந்த பிழிகிற மிஷின் பக்கம் போய், அதன் மூடியைத் திறந்தார்.