கவிழ்த்த தட்டு

மெக்கானிக்கின் அப்பா பெல்ட்டைக் கழற்றினால் வீடே நடுங்குமாம். "அந்த ரத்தம்தான் எனக்கும். ஆனா இந்தக் கை ஒருத்தர் மேலயும் பட்டதில்ல" என்று மெக்கானிக் போகிற இடமெல்லாம் மார்தட்டிக்கொள்வான். உண்மைதான். கோபம் வந்தால் அவன் அடிப்பதில்லை. தன் சாப்பாட்டுத் தட்டை மேஜைமேல் கவிழ்த்து வைத்துவிடுவான். அவனாக அதை நிமிர்த்தும்வரை வீட்டில் யாரோடும் பேச்சுவார்த்தை கிடையாது. மனைவி காலில் விழுந்து அழுதாலும் சுவரைப் பார்ப்பான். "அடிச்சாவது தொலைங்களேன்" என்று அவள் ஒருமுறை கெஞ்சியதைக்கூட, தனக்குக் கிடைத்த மெடலாகத்தான் எடுத்துக்கொண்டான்.

மனைவியின் முதல் கணவனுக்குப் பிறந்த மகளைக் கண்டால் மட்டும் அவனுக்கு ஆகாது. செத்துப்போன அந்த மனிதன் பெரிய வாயாடியாம். இவளும் ஓயாமல் பேசுவாள். "அப்பன் புத்தி. எப்படி வளர்த்தாலும் மாறாது" என்பான். போன வாரம் அவனுடைய ரேடியோவைக் கீழே போட்டு உடைத்தாள். தட்டு கவிழ்ந்தது; இன்னும் நிமிரவில்லை.

இன்று மனைவி வேலைக்குப் போயிருந்தபோது, டியூப்லைட் மாட்ட ஸ்டூலில் ஏறியவன் சறுக்கி விழுந்தான். முழங்காலுக்குக் கீழே கால் வேறு பக்கம் திரும்பிக் கிடந்தது.

"பாப்பா! ஓடிப்போய்ப் பக்கத்து வீட்ல யாரையாவது கூப்பிடும்மா!"

சிறுமி வந்தாள். காலைப் பார்த்தாள். சமையலறைக்குப் போய்த் தன் தட்டை எடுத்துவந்து, அவன் தட்டுக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்க்க ஆரம்பித்தாள். அப்படியே அவனை உரித்து வைத்தாற்போல் இருந்தது.