பூஜையில் வைத்த செக்பாயிண்ட்

மழை கொட்டுகிற நாளில்தானா கரண்டும் விளையாட வேண்டும்? தேனாம்பேட்டை அலுவலகத்தில் மின்சாரம் போய் வந்ததும் ஏஜென்ட் தானாகவே எழுந்துகொண்டது. புத்தி மட்டும் தெளியவில்லை. டயாலிசிஸ் நோயாளிகளை வீட்டிலிருந்து ஏற்றிப்போகும் வேன்களை ஆட்டிவைக்கும் மென்பொருள் அது. முடிந்த சவாரிகளுக்கே மறுபடி வேனை அனுப்பியது, காத்திருந்தவர்களை அம்போவென விட்டது.

விடப்பட்டவர்களில் ஒருவர் பவுல்சாமி. சாந்தோமில் மூன்றாம் மாடியில் தனியாக இருப்பவர், அந்த ஏஜென்டை எழுதிய ஜொவிட்டாவின் அப்பா. போன முறையும் மழையால் அவருக்கு டயாலிசிஸ் தவறிவிட்டது. இன்றும் தவறினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கால் டாக்சி ஒன்றும் அந்தப் பக்கம் வரத் தயாராயில்லை.

ஜொவிட்டா அவருக்குப் போன் செய்தாள். அவருக்கு மூச்சு வாங்கியது.

"வண்டி வந்துரும்மா. நீ வேலையப் பாரு" என்று வைத்துவிட்டார்.

வேலையைத்தான் பார்த்தாள். ஒரு வரியை மாற்றுவாள், ஏஜென்டை நிறுத்தி ஓட்டுவாள், பழைய குருடி கதவைத் திறடி என்று அது அதே தப்பைச் செய்யும். மறுபடி மாற்றுவாள், மறுபடி ஓட்டுவாள். மாதாவே, மாதாவே என்று வாய் முணுமுணுத்தது.

ஒவ்வொரு வேலையும் முடிந்ததும், எதுவரை வந்தோம் என்று ஏஜென்ட் குறித்துவைப்பதுதான் செக்பாயிண்ட். நடுவில் நின்றுபோனால் அங்கிருந்து தொடரும். கடைசியாகக் குறித்த தேதியைப் பார்த்தவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆயுத பூஜைக்கு முந்தின நாள்! அது இருக்கும் கோப்புறையே எதையும் எழுத முடியாதபடி பூட்டிக் கிடந்தது.

"சார், இத யாரு பூட்டினது?"

முதலாளி ஜெயராம் கண்ணாடியைக் கழற்றினார். "நான்தாம்மா. சர்வருக்குக் குங்குமம் வெச்சோமே, மறுநாள் வரைக்கும் யாரும் தொடப்படாதேன்னு... அது பாட்டுக்கு ஓடிண்டுதானே இருந்தது? தொறக்க மறந்துட்டேன்."

அவரைத் திட்ட வாயெடுத்தவள் அடக்கிக்கொண்டாள். குறிக்க முடியாவிட்டால் சத்தம் போடாதே என்று ஏஜென்டுக்குச் சொல்லிவைத்த புண்ணியவதி அவள்தான்.

பூட்டைத் திறந்தாள். பழைய செக்பாயிண்டைத் தூக்கி எறிந்தாள். யார் யார் போய்ச் சேர்ந்தார்கள் என்று ஓட்டுநர்களிடம் கேட்டுச் சரிபார்த்துப் புதிதாக ஓட்டினாள். உடனே ஓட்டுநர் சைஃபின் வேன் சாந்தோமுக்குத் திரும்பியது. ஜொவிட்டா மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதுவிட்டாள்.

சைஃபின் அழைப்பு வந்தது.

"மேடம், அப்பா மாடிப்படிலயே குந்திக்கினு கீறாரு. ரொம்ப மூச்சு வாங்குது. தூக்கிக்கினு போறோம்."

"படியிலயா? ஏன்?"

"வண்டி கீழ நிக்குதுன்னு போன் வந்துக்கினே இருந்துச்சாம்."

பூஜைக்கு முந்தின நாள் அப்பாவின் வாசலில் வேன் வந்து நின்ற இடத்தில்தான் அந்தப் பழைய செக்பாயிண்ட் முடிந்திருந்தது. அடுத்த வேலை, வண்டி வந்துவிட்டது என்று போனில் அவரைக் கீழே அழைப்பது. அவள் நிறுத்தி ஓட்டிய ஒவ்வொரு தடவையும் ஏஜென்ட் அங்கிருந்துதான் தொடங்கியிருக்கிறது. பெரியவர்களுக்குப் புரியட்டும் என்று அந்த அறிவிப்பைத் தன் குரலிலேயே பதிந்து வைத்திருந்தாள்.

"டாடிகிட்ட குடுங்க."

"ஜொவி..." மூச்சுக்கு நடுவே அவர் பேசினார். "எறங்கி எறங்கி வந்தேம்மா. வண்டியக் காணோம். ஏறுனா, திரும்பவும் கூப்டுற. நீ கூப்டும்போது எப்டிம்மா வராம இருக்கறது?"