மீனுக்காக வாயை மூடியவர்

அந்தத் தெருவில் சலூன் வைத்திருந்தவருக்கு ரேடியோ என்று முதலில் பெயர் வைத்தது யார் என்று யாருக்கும் நினைவில்லை. பொருத்தமான பெயர் என்பதில் மட்டும் இரண்டு கருத்து கிடையாது. வெள்ளைத் துணியைக் கழுத்தில் சுற்றி முடிச்சுப் போட்டதும் ஆரம்பிப்பார். முடி வெட்டி, காதோரம் திருத்தி, பின்கழுத்தில் பவுடர் தட்டி, ஆள் எழுந்து வாசலுக்குப் போன பிறகும் கதை பாதியில்தான் இருக்கும். மீதியைக் கேட்க அடுத்த மாதம் வந்தாக வேண்டும். வந்தார்கள் என்பதுதான் ஆச்சரியம்.

ஐம்பதைத் தொடும் வயதில் அவருக்கு ரத்த அழுத்தம் ஏறியது. கையில் பட்டையைக் கட்டி டாக்டர் அளக்கும்போதும் அவர் பேசிக்கொண்டே இருந்ததால் மூன்று முறை அளக்க வேண்டியதாயிற்று. மூன்றாவது தடவை டாக்டருக்கே ஏறியிருக்கும். மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, மனசை அமைதியாக வைத்துக்கொள்ள ஏதாவது பழக்கம் வேண்டும், செடி வளர்க்கலாம், மீன் வளர்க்கலாம் என்று சொல்லி அனுப்பினார். ரேடியோவின் மனைவி மீன் என்ற சொல்லைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு வெகுநாள் ஆசை அது. பகல் முழுக்க அவர் இருப்பது கடையில்தானே, தொட்டியும் அங்கேயே இருக்கட்டும் என்று முடிவாயிற்று. ஃபிரிட்ஜ் பழுதுபார்க்கிற அவள் தம்பி எங்கிருந்தோ ஒரு நல்ல கண்ணாடித் தொட்டியைப் பிடித்துக்கொண்டு வந்து, பத்திரிகை கிடக்கும் மேசையைக் காலி செய்து, முகம் பார்க்கிற பெரிய கண்ணாடிக்கு நேர் எதிரே வைத்தான். அடியில் வெள்ளைக் கூழாங்கல், மேலே பளீரென்று ஒரு விளக்கு, மூலையில் தண்ணீரைச் சுத்தம் செய்கிற குழாய். தண்ணீரை ஒரு வாரம் ஓடவிட்ட பிறகு ஐந்து ஏஞ்சல் மீன்கள் வந்து சேர்ந்தன. தட்டையான உடம்பு, கறுப்புக் கோடு, மேலும் கீழும் நீண்ட செட்டை. பாலித்தீன் பையோடு தண்ணீரில் மிதக்கவிட்டு, மெல்லத் திறந்துவிட்டார்கள்.

ஐந்தும் ஒரே ஓட்டமாகக் குழாய்க்குப் பின்னால் போய்ச் செருகிக்கொண்டன. கூட்ட நேரத்துப் பேருந்தில் நிற்கிறவர்கள் மாதிரி, ஒன்றின் மூக்கு இன்னொன்றின் முதுகில்.

ரேடியோ ஒரு சிட்டிகை தீனி போட்டார். எதுவும் வரவில்லை. போதாதோ என்று இன்னொரு சிட்டிகை. அப்புறம் உள்ளங்கை நிறைய. விருந்தாளி வேண்டாம் என்றால் இன்னும் கொஞ்சம் வைத்துத்தான் அவருக்குப் பழக்கம். மறுநாள் காலை தீனி ஊறி உப்பிக் கல்லின் மேல் படிந்து, தண்ணீர் அரிசி கழுவியது போலிருந்தது. மீன்கள் குழாயை விட்டு அசையவில்லை.

பதறிப்போய், மீன் விற்ற கடைக்கார அம்மாவுக்குப் போன் போட்டார். அந்த அம்மா நிதானமாகக் கேட்டுவிட்டு, அழுகிய தீனியை உறிஞ்சி எடுக்கச் சொன்னாள், கால்வாசித் தண்ணீரை மாற்றச் சொன்னாள், விளக்கை அணைத்துத் துணியால் மூடச் சொன்னாள். கண்ணாடியைத் தட்டக்கூடாது. சத்தம் கூடாது. இரண்டு நாளைக்குத் தீனியே வேண்டாம்.

“புது மீனு கூச்சப்படத்தான் செய்யும். புது இடம், புது தண்ணி, புது ஆளுங்க. நீங்க ஒண்ணும் பண்ணாம இருந்தாலே போதும்” என்றாள்.

ஒன்றும் பண்ணாமல் இருப்பது ஒன்றுதான் ரேடியோவுக்குத் தெரியாத வேலை. ஆனாலும் ஐந்து உயிர். வீட்டிலிருந்து ஒரு வெள்ளைப் போர்வையைக் கொண்டுவந்து தொட்டியின் மேல் போர்த்தினார். கடையில் இரண்டு விளக்கை அணைத்து ஒன்றை மட்டும் எரியவிட்டார். செல்போனின் சத்தத்தை நிறுத்தினார். பிறகு, முப்பது வருஷத்தில் முதல்முறையாக, வாயை மூடினார்.

அதன் விளைவை அவர் எதிர்பார்க்கவில்லை. கத்தரிக்கோலின் சத்தம் வாடிக்கையாளர்களின் காதில் முதல்முறையாக விழுந்தது. இத்தனை வருஷமும் தங்கள் காதுக்கு இவ்வளவு பக்கத்திலா அது போய்வந்தது என்று நடுங்கினார்கள். பேச்சைத் தாலாட்டாக வைத்துத் தூங்கிப் பழகிய ஒருவர் கண்ணை மூட முடியாமல் முழித்தபடியே இருந்தார். இன்னொருவர், தான் ஏதாவது தப்பாகப் பேசிவிட்டேனா என்று கேட்டு, பதில் வராததால் போன வருஷம் பேசியதற்கெல்லாம் சேர்த்து மன்னிப்புக் கேட்டார். ரேடியோவோ ஒரு தலையை முடிப்பதும், நுனிக்காலில் போய்ப் போர்வையைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்ப்பதும், பெருமூச்சு விட்டுத் திரும்புவதுமாக இருந்தார்.

மூன்றாம் நாள் காலை, கடைகளுக்குத் தண்ணீர் கேன் போடுகிறவர் உள்ளே வந்தார். அரை இருட்டு. பெஞ்சில் நாலு பேர் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். மேசைமேல் நீளமாக ஏதோ ஒன்று, வெள்ளைத் துணி போர்த்தியிருந்தது. பக்கத்தில் ரேடியோ, பேசாமல். எல்லாவற்றையும்விட அதுதான் அவரை உலுக்கியது. கேனைச் சத்தமில்லாமல் இறக்கி வைத்து, தொப்பியைக் கழற்றி மார்போடு பிடித்துக்கொண்டார்.

“எப்பண்ணே?” என்று கிசுகிசுத்தார்.

“மூணு நாளாச்சு” என்றார் ரேடியோ, அதே குரலில்.

கேன்காரர் போர்வையைப் பார்த்தார். “மூணு நாளா இங்கேயேவா வச்சிருக்கீங்க?”

“வேற எங்க வைக்கிறது? வீட்டுல இடமில்ல.”

“சாப்பாடெல்லாம்?”

“வந்ததுலேருந்து ஒரு வாய் இறங்கலப்பா.”

“அக்கா எப்படி இருக்காங்க?”

“அவளா? அவதான் ரொம்ப நாளா இதுக்கு ஆசைப்பட்டுக்கிட்டு இருந்தா” என்று ரேடியோ தலையை ஆட்டினார்.

வழக்கமான ரேடியோவாக இருந்திருந்தால் மீன் பிறந்த குளத்திலிருந்து தொடங்கியிருப்பார், ஒரு குழப்பமும் வந்திருக்காது. அளந்து பேசியதால் வந்த வினை. கேன்காரர் இரண்டடி பின்வாங்கி வெளியேறினார். அன்று அவர் கேன் இறக்கிய ஒவ்வொரு வாசலிலும் செய்தியையும் சேர்த்து இறக்கினார்.

உச்சிவேளைக்குள் ரேடியோவின் வீட்டு வாசலில் செருப்புகள் குவிந்தன. எதிர்வீட்டுக்காரி அவர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, மனசைத் தேற்றிக்கொள்ளச் சொன்னாள். எதற்கு என்று அவள் கேட்டதற்கு ஆளுக்கொரு மாதிரி விழித்தார்கள். சலூனில் யாரோ போய்விட்டார்கள் என்றார் ஒருவர். யார் என்று அவருக்குத் தெரியவில்லை. அவள் கணவருக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மறுபடி போட்டாள். வாயைத் திறந்தால் மூடாத மனிதர் போனை எடுக்கவில்லை என்றதும் தம்பியை வரச் சொன்னாள். தம்பியின் வண்டியில் பின்னால் ஏறி உட்கார்ந்தவள், வழி நெடுக அவனை வேகமாகப் போகச் சொன்னாள்.

கடைக்குள் நுழைந்தபோது அவள் கண்டது, கணவரின் முதுகை. தலையும் தோளும் வெள்ளைப் போர்வைக்குள் இருந்தன.

“என்னங்க!” என்று அவள் போட்ட சத்தத்தில் சீப்பு ஒன்று அலமாரியிலிருந்து விழுந்தது. ரேடியோ துள்ளி எழுந்தார். போர்வை அவரோடு வந்துவிட்டது. தொட்டிக்குள் ஐந்து மீனும் அந்த மூலைக்கும் இந்த மூலைக்கும் முட்டிமோதி, மறுபடி குழாய்க்குப் பின்னால் போய் அடைந்தன.

அவர் உயிரோடு இருப்பதைப் பார்த்ததும் அவளுக்கு முதலில் அழுகை வந்தது. அழுகை முடிந்த கையோடு கோபம் வந்தது. போனை எதற்கு வாங்கி வைத்திருக்கிறீர்கள், வீட்டில் இருபது பேர் வந்து துக்கம் விசாரிக்கிறார்கள், யார் செத்தது என்று எனக்கே தெரியாமல் நான் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்று பொரிந்து தள்ளினாள். ரேடியோ விரலை உதட்டில் வைத்துத் தொட்டியைக் காட்டினார். அது எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்த்ததாயிற்று. மச்சினன் மாமாவுக்குப் பரிந்துபேச வாயெடுத்து, அக்காவின் முகத்தைப் பார்த்துவிட்டு, விழுந்த சீப்பைப் பொறுக்கப் போனான்.

அப்போதுதான் பெஞ்சின் ஓரத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

“அக்கா, கொஞ்சம் மெதுவா. அதுங்க பயந்திருக்கு.”

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பேசியவர் ஒரு லாரி டிரைவர். பதினோரு வருஷமாக மாதம் தவறாமல் வருகிறவர். அவருடைய குரல் இப்படித்தான் இருக்கும் என்று அன்றுதான் கடைக்குத் தெரிந்தது. அவர் ஊமை என்றுகூட மச்சினன் நினைத்திருந்தான்.

டிரைவர் எழுந்துவந்து தொட்டியின் முன் குந்தி உட்கார்ந்தார். மூன்று நாளாக ரேடியோ பார்த்ததைவிட ஒரு நிமிஷத்தில் அவர் அதிகம் பார்த்தார்.

“பிரச்சினை உங்க பேச்சு இல்லண்ணே. எதிர்ல பாருங்க, எம்மாம் பெரிய கண்ணாடி. இதுங்க எட்டிப் பார்த்தா அங்க அஞ்சு மீனு முறைக்குது. நீங்க கத்தரியோட நடந்தா ரெண்டு பக்கமும் ரெண்டு ஆளு நடக்குறாங்க. ஒளிஞ்சுக்கலாம்னா ஒரு இலைகூட இல்ல. அடியில வேற வெள்ளைக் கல்லு. மூடி வச்சது சரிதான். ஆனா பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை போர்வையைத் தூக்கித் தூக்கிப் பார்க்குறீங்களே, அதுதான் அதுங்கள கொல்லுது.”

அவர் வீட்டில் ஆறு தொட்டி இருக்கிறதாம், இருபது வருஷமாக வளர்க்கிறாராம். இதை மூன்று நாளைக்கு முன்னாலேயே சொல்லியிருக்கக் கூடாதா என்று ரேடியோ கேட்டார். டிரைவர் தலையைச் சொறிந்தார்.

“நான் இன்னைக்குத்தான்ணே வந்தேன். அதுவுமில்லாம, உங்க கடையில பேச இடம் கிடைச்சதே இன்னைக்குத்தான்.”

ரேடியோவின் மனைவிக்குக் கோபம் இருந்த இடம் தெரியாமல் போய்ச் சிரிப்பு வந்துவிட்டது. பெஞ்சில் இருந்தவர்களும் சிரித்தார்கள். ரேடியோவும் சிரித்தார், சற்றுத் தாமதமாக.

மத்தியானம் கடையை மூடிவிட்டு வேலை நடந்தது. பாதித் தண்ணீரை வாளியில் இறக்கி, தொட்டியை நாலு பேர் தூக்கி, கண்ணாடிக்கு முகம் காட்டாத பின்சுவர் மூலைக்கு மெல்ல நகர்த்தினார்கள். முதுகிலும் இரண்டு பக்கமும் கறுப்புக் காகிதம் ஒட்டினான் மச்சினன். டிரைவர் தன் வீட்டிலிருந்து ஒரு கொத்து நீர்ச்செடியும், வாய் உடைந்த மண்சட்டி ஒன்றும், உறைய வைத்த சிவப்புப் புழு கொஞ்சமும் கொண்டுவந்தார். சட்டியைக் கவிழ்த்து வைத்ததும் இரண்டு மீன் அதன் அடியில் போய் நின்றன. இறுக்கமாக இருந்த செட்டைகள் கொஞ்சம் விரிந்தன.

அப்புறம் டிரைவர் மூன்று விஷயம் சொன்னார். நாளை காலை ஒரு துளி புழுவைக் கரைத்து ஊற்றிவிட்டு நகர்ந்துவிட வேண்டும். கால்மணி நேரத்தில் தின்னவில்லையென்றால் மிச்சத்தை எடுத்துவிட வேண்டும். அதுவரை என்ன ஆனாலும் திரும்பிப் பார்க்கக்கூடாது. பேசலாமா என்று ரேடியோ தயங்கித் தயங்கிக் கேட்டார். “தாராளமா. திடீர்னு வர்ற சத்தந்தான் ஆகாது. ஓயாம வர்றது சீக்கிரம் பழகிடும். எனக்கே பழகிடுச்சே.”

மறுநாள் காலை டிரைவரே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். லாரி சர்வீசுக்குப் போயிருந்ததாகச் சாக்கு. ரேடியோ புழுவை ஊற்றிவிட்டு வந்து, நாற்காலியில் இருந்தவருக்கு முகச்சவரம் தொடங்கினார். கூடவே கதையும். தன் கல்யாணத்தன்று பெண் வீடு என்று நினைத்து வேறொரு வீட்டுக்குள் போய்ப் பலகாரம் தின்றுவிட்டு வந்த கதை. மூன்று நாள் அடைத்து வைத்தது, மடை திறந்தது போல வந்தது.

“ஒண்ணு வெளிய வருதுண்ணே” என்றார் டிரைவர், குரலை உயர்த்தாமல். “சின்னது. திரும்பாதீங்க.”

ரேடியோவின் கை நின்றது. நாற்காலியில் இருந்தவர், பாதி நுரையோடு, கண்ணாடியில் அவரைப் பார்த்தார்.

“கதையை நிறுத்தாதீங்க” என்றார் டிரைவர்.

“நிறுத்தல. அப்புறம் என்னாச்சுன்னா, அந்த வீட்டு மாமா என்னைப் பார்த்து, தம்பி நீங்க யாருன்னு கேட்டாரு…” ரேடியோ மறுபடி கத்தியை ஓட்டினார். கழுத்தைத் திருப்பாமல் இருக்க அவர் பட்ட பாட்டில் நெற்றி வியர்த்தது. “நான் சொன்னேன், நான்தான் மாப்பிள்ளைன்னு…”

“புழு கிட்ட வந்துடுச்சு. பார்க்குது. பார்த்துக்கிட்டே நிக்குது.”

“அவரு சொன்னாரு, எங்க வீட்டுல பொண்ணே கிடையாதேன்னு…”

“வாயைத் திறந்துது. துப்பிடுச்சு.”

ரேடியோ கண்ணை மூடிக்கொண்டார். சவரக்கத்தியை ஓரமாக வைத்தார். அவர் வாய் மட்டும் நிற்கவில்லை. பலகாரத் தட்டு, வாசல் பந்தல், தேடிக்கொண்டு வந்த அவர் அண்ணன் என்று எங்கெங்கோ போனது.

“திரும்பவும் எடுத்துது. முழுங்கிடுச்சுண்ணே. இன்னொண்ணும் வருது. ரெண்டும் சண்டை போட்டுத் தின்னுது.”

ரேடியோ திரும்பவில்லை. சுவரைப் பார்த்து நின்றபடி தோள் துண்டால் முகத்தைத் துடைத்தார். நாற்காலியில் இருந்தவர் மெல்ல, “அப்புறம் என்னண்ணே ஆச்சு?” என்றார்.

“என்ன ஆச்சு?”

“கல்யாணம்.”

“ஓ, அதுவா? நடந்துச்சுப்பா. நல்லபடியா நடந்துச்சு” என்றார் ரேடியோ. முப்பது வருஷத்தில் அவர் முடிவுவரை சொன்ன முதல் கதை அது.

மாலைக்குள் நாலு மீன் தின்றன. ஐந்தாவது இன்னும் இரண்டு நாள் சட்டிக்கு அடியிலேயே இருந்து, பிறகு மற்றவற்றை முந்திக்கொண்டு வரப் பழகியது. அந்த ஞாயிற்றுக்கிழமை ரேடியோவும் மனைவியும் டிரைவரின் வீட்டுக்கு ஆறு தொட்டியையும் பார்க்கப் போனார்கள். டிரைவர் ஒவ்வொரு மீனையும் காட்டி, எப்போது வந்தது, எதைத் தின்னும், யாரோடு சேராது என்று இரண்டு மணி நேரம் விடாமல் பேசினார். ரேடியோ இடையில் நாலு தடவை வாயைத் திறந்து பார்த்தார். மனைவி அவர் முழங்கையைத் தொட்டாள். அவர் மூடிக்கொண்டு கேட்டார்.