பென்சிலில் போட்ட டிக்

ஷாரன் காக்கி மாட்டியதே ஒரு ஆளைப் பழிவாங்கத்தான். ஆறு வருடத்துக்கு முன்னால் திருமுல்லைவாயில் ரயிலடியில், பைக்கில் வந்த இரண்டு பேர் அவள் அம்மா சகாயமேரியின் தாலிச் சங்கிலியை அறுத்துக்கொண்டு போனார்கள். கழுத்தில் ரத்தத்தோடு காவல் நிலையத்துக்கு ஓடினாள் அம்மா. எந்த நிலையம் என்று பேர் வேண்டாம். இன்ஸ்பெக்டர் கோவிந்தராஜ் தானே மனுவை எழுதி நீட்டினார்.

"இன்னாத்துக்குப் படிச்சிகினு? கையெழுத்து போடும்மா."

சங்கிலி 'தவறி விழுந்து தொலைந்தது' என்று எழுதியிருந்தார். தொலைந்தது குற்றக் கணக்கில் ஏறாது. குவைத்திலிருந்து திரும்பிய அப்பா ஜோசப்ராஜ், அந்தத் தாளைப் பார்த்த நாளிலிருந்து சண்டைக்குச் சண்டை அதையேதான் சொன்னார். "தாலியவே தொலச்சவதானே நீ?"

கேட்டு வாங்கித்தான் ஷாரன் அதே நிலையத்துக்கு வந்தாள். அங்கே இன்னும் இன்ஸ்பெக்டராக இருந்த கோவிந்தராஜ், மாதக் கடைசியில் ஒரு தாளில் எண் எழுதி மேலிடத்துக்கு அனுப்புவார். சங்கிலிப் பறிப்பு, ஒன்று. அவ்வளவுதான் கணக்கு. அந்த ஒன்றுக்காகவே அவருக்குப் பாராட்டுப் பத்திரம் வரவிருந்தது. இந்த வருடம் மேலிடம் அதை மாற்றியது. வெறும் எண் செல்லாது, பழைய மனுக்கள் உட்பட ஒவ்வொன்றையும் படம் பிடித்துக் கணினியில் ஏற்றி, அதிகாரி விரல் ரேகை வைக்க வேண்டும்.

"நீயே ஏத்திடும்மா, எனக்கு அந்தக் கருமம்லாம் தெரியாது" என்றார் கோவிந்தராஜ்.

கட்டுகளைப் பிரித்தபோதுதான் ஷாரன் பார்த்தாள். 'தொலைந்த' சங்கிலி மனுக்களின் ஓரத்தில் பென்சிலால் ஒரு டிக். பக்கத்தில் அவர் கையெழுத்திலேயே, 'பைக், 2 பேர், கறுப்பு'. மேலிடத்தை ஏமாற்றினாலும் ரோந்து எங்கே அனுப்புவது என்று அவருக்காவது தெரிய வேண்டுமே! யார் படம் பிடிக்கப் போகிறார்கள் என்று அழிக்காமலே விட்டுவிட்டார். மொத்தம் நாற்பத்து மூன்று. அம்மாவின் மனுவிலும் டிக் இருந்தது.

எல்லாவற்றையும் பறிப்பு என்றே ஏற்றினாள். வெள்ளிக்கிழமை பிரியாணி ஏப்பத்தோடு வந்து உட்கார்ந்தார் அவர்.

"இதெல்லாம் படிக்கணுமாம்மா?"

"இன்னாத்துக்கு சார் படிச்சிகினு? விரல வைங்க."

நாற்பத்து மூன்று தடவை வைத்தார்.

திங்கட்கிழமை மேலிடத்திலிருந்து போன் வந்தது. பேசி முடித்தவருக்கு முகத்தில் ஈயாடவில்லை.

"அழிச்சிடும்மா!"

"அழிக்க முடியாது சார். மாத்தணும்னா காரணம் எழுதி மறுபடி ரேகை வெக்கணும். பென்சில் எழுத்து உங்களுது. இன்னா காரணம் போடட்டும்?"

அவர் நாற்காலியில் சரிந்தார். "நான் உனக்கு இன்னாம்மா பண்ணேன்?"

ஷாரன் திரையை அவர் பக்கம் திருப்பிப் பதினேழாவது வரியைக் காட்டினாள்.

"எங்கம்மா சார்."

சாயங்காலம் அந்த வரியை ஒரு தாளில் அச்செடுத்து வந்து அப்பாவின் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"சத்தமா படி நைனா."

அம்மா அடுப்பை அணைத்துவிட்டு, கேட்பதற்கு வந்து நின்றாள்.