ஒரு விரல் இடைவெளி

மாப்பிள்ளைக்குத் தன் வேகமான கார் மேல் இருந்த பிரியத்தை வீட்டில் யாரும் குறை சொன்னதில்லை. காரைத் தாழ்த்த ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் மாற்றப் போகிறேன் என்று கிளம்பிய பிறகுதான் மனிதர் ஒரு நிலையில் இல்லை. சாப்பிடும்போதும் போனில் அடுத்தவர் கார் படம்தான். சக்கரத்துக்கும் அதன் மேல் வளைவுக்கும் நடுவே ஒரு விரல் நுழைந்தால் அழகாம். நாலு விரல் நுழைந்தால் மானம் போய்விடுமாம்.

கடையில் ஸ்பிரிங் மாட்டுபவர் பெட்டியைப் பிரிக்கும் முன் எல்லாரிடமும் ஒரு கேள்வி கேட்பார்: பின் சீட்டில் யார் உட்காருவார்கள்? ஆள் எடையைப் பார்த்துத்தான் ஸ்பிரிங் என்பது அவர் கணக்கு. மனைவி பக்கத்திலேயே நின்றாள். மாப்பிள்ளை யோசிக்கக்கூட இல்லை.

"பின்னாடி யாரும் வரமாட்டாங்க. நான் மட்டும்தான்."

இருப்பதிலேயே குட்டையான ஸ்பிரிங்கையும் அதற்கேற்ற இறுக்கமான ஷாக்கையும் மாட்டினார்கள். கார் தரையோடு தரையாக உட்கார்ந்தது. நண்பர்கள் ஆகா ஓகோ என்றார்கள். வேகத்தடை வந்தால் மட்டும் அடி உரசாமல் இருக்க அவர்கள் இறங்கி நடக்க, இவர் காலி வண்டியை ஏற்றி இறக்குவார். அதுவும் அவர்களுக்கு ஒரு விளையாட்டு.

பிறகு மாமனாருக்கு முதுகில் ஆபரேஷன் நடந்தது. வீட்டுக்கு அழைத்துவரும் நாளில் மனைவி டாக்ஸி சொல்லப் போனாள். நம்ம வண்டி இருக்கும்போது வாடகை வண்டியா என்று இவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. மாமனார் குனியவே கூடாது என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியிருந்தார். குனியாமல் அந்தக் காருக்குள் அவரை நுழைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. மனைவி அப்பாவோடு பின்னால் உட்கார்ந்தாள்.

ரோட்டில் இருந்த ஒவ்வொரு குழியும் நேராக அவர் முதுகுக்குப் போனது. கைப்பிடியைப் பற்றியிருந்த மாமனாரின் விரல்கள் வெளுத்திருந்தன. மாப்பிள்ளை கண்ணாடியில் அதைப் பார்த்தார். பிறகு கண்ணாடியைப் பார்ப்பதையே விட்டுவிட்டார்.

வீட்டுத் தெரு முனையில் உயரமான வேகத்தடை. பழக்க தோஷம், நண்பர்களிடம் சொல்வது அப்படியே வாயில் வந்துவிட்டது.

"எல்லாரும் கொஞ்சம் இறங்கிக்கோங்க."

சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டார். அதற்குள் மாமனார் கதவைத் திறந்துவிட்டார். வேண்டாம் மாமா என்று தடுத்திருக்கலாம். ஆனால் வண்டியின் அடி உரசாது என்ற நிம்மதிதான் முதலில் வந்தது. சே, நானெல்லாம் ஒரு மனுஷனா என்று அவருக்கே உடம்பு கூசியது.

மகளின் தோளைப் பிடித்தபடி மாமனார் வேகத்தடையைத் தாண்டி ஓரமாக நின்றார். மனைவி இவர் பக்கம் திரும்பவே இல்லை. மாப்பிள்ளை காரை அங்குலம் அங்குலமாக ஏற்றினார். மகள் பதறித் தடுப்பதற்குள் மாமனார் ஒரு கையை முழங்காலில் ஊன்றிக் குனிந்து, காரின் அடியை எட்டிப் பார்த்தார்.

"தட்டல மாப்பிள்ள. பயப்படாம வாங்க."